கிராமப்புற ஓபியாய்டு சிகிச்சைக்கு மானியம்: கட்டடம் கேட்பதா, ஆட்கள் கேட்பதா?

கேள்வி: குறிஞ்சி மருத்துவன்

வணக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சிய மலைகளுக்குள் இருக்கும் ஒரு கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் மூன்றாண்டு பணியாற்ற வழிசெய்யும் கான்ராட் 30 திட்டத்தில் இங்கு வந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. எங்கள் மருத்துவமனை மிகச் சிறியது. ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்துகள், போதைப்பொருள்கள்) பழக்கத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. நானும், மருந்தெழுத உரிமை பெற்ற செவிலியரான ஒரு நர்ஸ் பிராக்டிஷனரும் மற்ற நோயாளிகளுக்கு இடையிடையே, அந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான பியூப்ரெனார்பினை எழுதிக் கொடுக்கிறோம். 2022 டிசம்பர் இறுதியில் எக்ஸ் வெய்வர் என்ற சிறப்பு அனுமதிமுறை நீக்கப்பட்டதால் சட்டப்படி இதற்கு இப்போது தனி அனுமதி தேவையில்லை. ஆனால் எழுதிக் கொடுக்க ஆள் இருந்தும் நோயாளி வந்து சேர முடியாமல் போவதை இங்கே நாள்தோறும் பார்க்கிறேன். இன்னொரு சிகிச்சை மருந்தான மெத்தடோன் வேண்டியவர்களின் பாடு இன்னும் கடினம். அதைச் சான்று பெற்ற மையங்கள் மட்டுமே தரலாம். மிக அருகிலுள்ள மையத்துக்கு மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

ஃபெடரல் (நடுவண் அரசின்) சுகாதாரத் துறையின் கீழுள்ள ஹெச்.ஆர்.எஸ்.ஏ., கிராமப்புற ஓபியாய்டு சிகிச்சைக்கு மானியம் தந்து நடத்தும் ஆர்-கார்ப் திட்டத்தில் அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. எதற்காகக் கேட்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஊர் எல்லையில் பூட்டிக்கிடக்கும் பழைய மோட்டல் ஒன்றை வாங்கி, படுக்கை வசதியுள்ள மறுவாழ்வு மையமாக மாற்றலாம் என்பது குழுவில் பெரும்பாலோரின் விருப்பம். கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று எழ வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. இந்த ஊர் இழந்த பிள்ளைகள் அவ்வளவு பேர். எனக்கோ இருக்கும் கிளினிக்கிலேயே ஆட்களைச் சேர்த்து, போக்குவரத்துக்கு வழிசெய்தால் போதும் என்று தோன்றுகிறது. வரவேற்பு மேசையில், வராமல்போன நோயாளிகளுக்காக ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அதைப் புரட்டியபோது, பியூப்ரெனார்பினுக்காக வர வேண்டியவர்களின் பெயர்களுக்கு எதிரே பதினொரு இடங்களில் ‘வண்டி இல்லை’ என்று எழுதியிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பத்தில் தேவையை எண்களால் காட்ட வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் தரவுத்தளத்தில் எங்கள் கவுண்டியைத் தேடினால், அளவுமீறிய போதையால் நேர்ந்த ஓராண்டு மரண எண்ணிக்கைக்குப் பதிலாக ‘மறைக்கப்பட்டது’ என்றே வருகிறது. இப்படிப்பட்ட விண்ணப்பத்தை எழுதியவர்கள், இந்தப் பணியில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். கடைசியாக, என் மனத்தை உறுத்தும் ஒன்று: என் ஒப்பந்தம் மூன்றாண்டு, மானியமும் பெரும்பாலும் மூன்றாண்டுதான். இரண்டும் முடிந்தபின் இந்த நோயாளிகளின் கதி என்ன?

மறுமொழி 1: ஏட்டுக்கணக்கு

வணக்கம், டாக்டர். ஒஹையோவில் கிராமப்புற மருத்துவ அமைப்பு ஒன்றின் மானியக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஆர்-கார்ப் விண்ணப்பங்கள் இரண்டில் வேலை செய்திருக்கிறேன். ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை.

மோட்டல் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஆர்-கார்ப் பணத்தில் நிலமோ கட்டடமோ வாங்க முடியாது, புதிதாகக் கட்டவும் முடியாது. இதை நிர்வாகக் குழுவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கிடைக்காமல்போன விண்ணப்பத்திலும் கட்டட ஆசையை வேறு பெயரில் நுழைக்கப் பார்த்தோம்; மதிப்பீட்டாளர்கள் அதைக் கண்டுபிடித்துக் குறிப்பெழுதி அனுப்பினார்கள்.

திட்டம் 2018இல் தொடங்கியது. முதலில் வந்த திட்டமிடல் மானியம் ஓராண்டுக்கு 2 லட்சம் டாலர் வரை. அடுத்து வந்த செயல்படுத்தல் மானியம் மூன்றாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. அதன்பின் தாயின் போதைமருந்து நின்றதும் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் விலகல் நோய்க்குறி, மெத்தாம்பெட்டமின் போன்ற ஊக்கப் போதைப்பொருள்கள், மருந்துவழிச் சிகிச்சை என்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தலைப்பில் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. தொகையும் கால அளவும் அதற்கேற்ப மாறும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஆண்டு ஒதுக்கும் நிதியைப் பொறுத்தே எல்லாம். ஆகவே பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு புதிய விண்ணப்பத்தை எழுதாதீர்கள். ஆனால் அடிப்படை இரண்டும் பெரிதாக மாறியதில்லை: சேவை முழுவதும் ஹெச்.ஆர்.எஸ்.ஏ. கிராமப்புறம் என்று வரையறுத்த இடங்களில் நடக்க வேண்டும். தனித்தனி உரிமையுள்ள நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பாக வர வேண்டும். செயல்படுத்தல் மானியத்துக்குக் குறைந்தது நான்கு நிறுவனங்கள் கேட்டார்கள். உங்கள் மருத்துவமனையும் அதன் கிளினிக்கும் ஒரே உரிமையாளருக்கு உரியவை என்றால் அவை இரண்டும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். கவுண்டி சுகாதாரத் துறை, ஷெரிஃப் அலுவலகம் அல்லது சிறை, மருந்துக் கடை, பள்ளி வாரியம், தேவாலயம் நடத்தும் மீள்வுக் குழு என்று வெவ்வேறு கதவுகளைத் தட்டுங்கள். வெறும் வாழ்த்துக் கடிதம் வாங்கி வைக்காமல், யார் என்ன வேலையை, எந்த மாதத்திலிருந்து செய்வார் என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்ட கடிதமாக வாங்குங்கள்.

எண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கவுண்டியில் மரணம் 1 முதல் 9 வரை இருந்தால், தனிநபர் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக சி.டி.சி. அந்த எண்ணை மறைத்துவிடும். சிறிய ஊர்களுக்கு இது பெரிய அநீதியாகத் தோன்றும். பாதிப்பு அதிகமாக இருந்தும் காட்ட வழியில்லாமல் நிற்போம். ஆண்டுகளைச் சேர்த்துத் தேடினால் சில வேளை எண் வெளிப்படும். அதைவிட முக்கியம், மரணக் காரணத்தை விசாரிக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட கொரோனர் உங்கள் கவுண்டியில் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். ஆம்புலன்ஸ் பணியாளர்கள், ஓபியாய்டு மிகையை முறிக்கும் நலோக்சோன் கொடுத்த அழைப்புகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 2016இல் சி.டி.சி. ஊசிவழி ஹெச்.ஐ.வி. பரவலுக்கு எளிதில் உள்ளாகக்கூடியவை என்று நாடு முழுவதும் 220 கவுண்டிகளைப் பட்டியலிட்டபோது, அவற்றில் 54 கென்டக்கியில் இருந்தன. உங்களுடையது அதில் இருந்தால் எழுதுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வரவேற்பு மேசைப் பதிவேடு. டாக்டர், அதை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் விண்ணப்பத்தின் உயிரே அதுதான். பெயர்களை நீக்கிவிட்டு, பன்னிரண்டு மாதங்களின் ‘வண்டி இல்லை’ வரிகளை எண்ணி ஓர் அட்டவணையாக்குங்கள். தேசிய எண்களை எல்லா விண்ணப்பதாரர்களும் எழுதுவார்கள். இதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

கணக்குப் பக்கம் சுருக்கமாக: ஃபெடரல் மானியம் பெறத் தேவையான சாம்.கவ் இணையப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியானது கடைசி வாரத்தில் தெரியவந்து விண்ணப்பமே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபெடரல் அரசுடன் பேசி முடித்த விகிதம் இல்லாதவர்கள், மறைமுகச் செலவுக்கு (நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம், முன்பு 10. ஃபெடரல் பணத்தில் ஓராண்டில் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழிந்தால் தனித் தணிக்கை வரும். அதற்கும் ஆள் வேண்டும்.

மூன்றாண்டுக்குப் பின் என்ன என்பதே சரியான கேள்வி. அதற்கு எங்கள் அமைப்பு கண்ட விடை, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் கொடுக்கும் செலவை மானியத்தில் போடாமல் இருப்பது. மருத்துவர் பார்வை, சிறுநீர்ப் பரிசோதனை, ஆலோசனை, பியூப்ரெனார்பின் ஆகியவற்றுக்குக் கென்டக்கியில் மெடிகெய்ட் பணம் தருகிறது. 2018இல் வந்த சப்போர்ட் சட்டம் ஓபியாய்டு சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளை 2020 அக்டோபர் முதல் மாநில மெடிகெய்ட் திட்டங்கள் ஏற்க வேண்டும் என்று ஆக்கியது. அந்த வருமானம் முதல் நாளிலிருந்தே வரட்டும். மெடிகெய்ட் தராதவற்றுக்கு மட்டும் மானியத்தைக் கேளுங்கள். வெர்மான்ட் மாநிலத்தின், வண்டிச் சக்கரத்தைப் போன்ற ‘குடமும் ஆரக்காலும்’ அமைப்பைப் படித்துப் பாருங்கள். மெத்தடோன் தரும் மையங்கள் குடம். உங்களைப் போன்ற சாதாரணக் கிளினிக்குகள் ஆரக்கால். நூறு மெடிகெய்ட் நோயாளிகளுக்கு ஒரு நர்ஸும் ஓர் ஆலோசகரும் என்ற கணக்கில் ஆரக்கால்களுக்கு ஆட்கள் கொடுத்தார்கள். அந்தச் சம்பளம் மெடிகெய்ட் வழியாகவே வந்தது. அதனால்தான் அது நிலைத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, மெடிகெய்ட் விரிவாக்கத்தில் (வருமான வரம்பு உயர்த்தப்பட்டதால்) சேர்ந்தவர்கள் 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேர வேலை அல்லது அதற்கு இணையான பணியைக் காட்ட வேண்டும். போதைப் பழக்க நோயுள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கும் தாளில் பதிவாக வேண்டும். முகவரியே மாறிக்கொண்டிருக்கும் ஒருவர் இந்தத் தாளை எப்படி நிரப்புவார்? அவருக்கு உதவ ஒருவரைப் பாதிநேரம் அமர்த்தும் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பீடு போனால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

மறுமொழி 2: இரவுப்பணி

டாக்டர் தம்பிக்கு வணக்கம். நான் தெற்கு இண்டியானாவில் செவிலியராக இருக்கிறேன். ஸ்காட் கவுண்டியின் ஆஸ்டின் என்ற ஊர் எங்களுக்கு அருகில்தான். ஏறத்தாழ 4,000 பேர் வாழும் அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டு, 2014 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்குள் 181 பேருக்கு ஹெச்.ஐ.வி. உறுதியானது. வலிமாத்திரையைக் கரைத்து ஒரே ஊசியில் பலர் ஏற்றிக்கொண்டதால் வந்தது. அதற்கு முன் அந்தக் கவுண்டியில் ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட அந்நோய் கண்டதில்லை. ஊரில் ஒரே ஒரு மருத்துவர்தான் இருந்தார். பணம், ஊழியர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாரும் பிறகு வந்தார்கள். பிறகு வந்த பணத்தில் பாதி முன்னால் வந்திருந்தால் என்ற எண்ணம் எங்களுக்கெல்லாம் இன்றும் தீரவில்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

ஆட்களைக் கேளுங்கள் என்பதே என் கருத்தும். எந்த ஆட்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். பழக்கத்திலிருந்து தாமே மீண்டு, பயிற்சி பெற்றுச் சான்றிதழுடன் வேலை செய்யும் சக ஆதரவாளர்கள் இருவரை முதலில் சேருங்கள். எங்கள் கிளினிக்கில் ஒருவர் இருக்கிறார். மிக வீரியமான ஓபியாய்டான ஃபென்டனில் எடுத்தவர்களுக்குப் பியூப்ரெனார்பினை அவசரப்பட்டுக் கொடுத்தால் விலகல் துன்பம் சட்டென்று கடுமையாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஆட்களை இழக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் ஓர் இளைஞர் கிளினிக்குக்குள் வர மறுத்து, வாகன நிறுத்துமிடத்தில் காரிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி இருந்தார். எங்கள் சக ஆதரவாளர் வெளியே போய், பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்கு மணி நேரம். இடையில் ஒருமுறை உள்ளே வந்து, அவருக்கு ஒரு காலுறை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார். முதல் மாத்திரையை நாங்கள் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த நான்கு மணி நேரத்துக்கு எந்தக் காப்பீட்டுக்கும் பில் போட முடியவில்லை. மானியம் என்பது இதற்குத்தான்.

ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் மருத்துவமனையின் பணியமர்த்தல் விதிகளைப் பாருங்கள். மீண்டு வந்தவர்களில் பலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். குற்றப் பின்னணிச் சோதனையில் அவர்களைத் தள்ளிவிடும் விதி இருந்தால், மானியம் வந்தபின் முதல் எட்டு மாதங்கள் அந்த இடம் காலியாகவே கிடக்கும். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் அப்படித்தான் ஆனது.

போக்குவரத்து விஷயத்தில் மதிப்பீட்டாளர் கட்டாயம் ஒரு கேள்வி எழுப்புவார்: மருத்துவத்துக்குப் போய்வர மெடிகெய்ட்டே வண்டி தருகிறதே, பின் எதற்கு மானியம் என்று. தருவது உண்மைதான். ஆனால் அதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இன்று காலை விட்டுவிடலாம் என்று மனம் திரும்பியவர் நாளைக்கும் அதே மனத்தோடு இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. அன்றைக்கே போய் அழைத்துவரும் வண்டிக்கும், மருந்துக் கடைக்குப் போகும் வண்டிக்கும் தனியாகக் கேட்கிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். மருந்துக் கடையையும் சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, எழுதிக் கொடுத்த மருந்து இருப்பில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். எத்தனை பேருக்கு எழுதப்போகிறீர்கள் என்பதை மருந்தாளரிடம் முன்பே உட்கார்ந்து பேசி, அவரையும் கூட்டமைப்பில் சேர்த்துக்கொண்டால் இது பெருமளவு தீரும்.

உங்கள் ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருப்பதும் போவதும் உங்கள் குடும்பம் சேர்ந்து எடுக்கும் முடிவு. அதில் நான் நுழைய மாட்டேன். ஆனால் எழுதிக் கொடுக்கும் கை உங்களுடையது மட்டுமாக இருக்கக் கூடாது. மருத்துவமனையிலுள்ள மற்ற மருத்துவர்களையும் நர்ஸ் பிராக்டிஷனர்களையும் இப்போதே பழக்குங்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் ஹெபடைட்டிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை, வல்லுநர்களையும் கிராமத்து மருத்துவர்களையும் வாரந்தோறும் காணொளியில் அமரவைத்து நோயாளிகளைப் பற்றிப் பேசவைப்பது, இன்று ஓபியாய்டு சிகிச்சைக்கும் பல இடங்களில் நடக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவர்களிடம் அச்சம் குறைவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3: சட்டப்பக்கம்

இருவரும் ஃபெடரல் மானியத்தைப் பற்றியே சொன்னார்கள். உங்கள் கவுண்டிக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பணத்தையும் பாருங்கள். மருந்து விநியோக நிறுவனங்களான மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்றும், ஜான்சன் அண்ட் ஜான்சனும் ஓபியாய்டு வழக்குகளைத் தீர்க்கச் செய்துகொண்ட 2,600 கோடி டாலர் உடன்படிக்கை 2022 பிப்ரவரியில் உறுதியானது. விநியோகிகள் தர வேண்டிய 2,100 கோடியை 18 ஆண்டுகளில் தவணையாகத் தருகிறார்கள். கென்டக்கியில் இந்தப் பணத்தில் பாதி மாநில ஆணையத்துக்கும் பாதி கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. மாநிலப் பங்கிலிருந்து ஆணையம் தனியாக மானியங்கள் வழங்குகிறது. அதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். கவுண்டிப் பங்கை எப்படிச் செலவிடுவது என்பதை உங்கள் கவுண்டியை ஆளும் மன்றமான ஃபிஸ்கல் கோர்ட் முடிவு செய்யும். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே ஒரு மருத்துவர் எழுந்து பேசினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியல் உடன்படிக்கையின் ‘ஈ’ பின்னிணைப்பில் இருக்கிறது. மருந்துவழிச் சிகிச்சை, நலோக்சோன், கர்ப்பிணிகளுக்கான சேவை, போக்குவரத்து, சிறையிலிருப்பவர்களுக்குச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. நான் சிறையை முன்னிறுத்துவேன். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரு வாரங்களில் அளவுமீறிய போதையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. உள்ளே இருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்தவுடன் பழைய அளவையே எடுக்கிறார்கள். கைதியாக இருக்கும்வரை பொதுவாக மெடிகெய்ட் அவருக்குப் பணம் தராது என்பதால், முதல் மறுமொழியில் சொன்ன அளவுகோலின்படியே இது வெளிப்பணம் தேவைப்படும் இடம். கவுண்டியின் ஜெய்லரைக் கூட்டமைப்பில் சேர்த்து, சிறையிலேயே பியூப்ரெனார்பினைத் தொடங்கி, விடுதலை நாளில் உங்கள் கிளினிக்குக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை உடன்படிக்கைப் பணத்தில் கேளுங்கள். 18 ஆண்டுத் தவணை என்பதால் மூன்றாண்டில் முடிந்துவிடும் என்ற கவலையும் இதில் குறைவு.

கட்டடம்தான் வேண்டும் என்று உங்கள் குழு உறுதியாக நின்றால், போதையிலிருந்து மீண்டவர்கள் வேலைக்குத் திரும்ப உதவும் அப்பலாச்சிய வட்டார ஆணையத்தின் இன்ஸ்பயர் திட்டம், மாநிலங்கள்வழி 2026 முதல் ஐந்தாண்டுகளில் 5,000 கோடி டாலர் வழங்கவிருக்கும் கிராமப்புறச் சுகாதார மாற்றத் திட்டம் ஆகியவற்றின் விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆனால் இவற்றையும் ஆட்களுக்காகவும் பணிகளுக்காகவும் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கேட்டவரின் பின்குறிப்பு: குறிஞ்சி மருத்துவன்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். மோட்டல் திட்டத்தை நிர்வாகக் குழு கைவிட்டுவிட்டது. பணத்தால் நிலம் வாங்க முடியாது என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது. மருந்தாளரும் ஜெய்லரும் கவுண்டி சுகாதாரத் துறையும் சேர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பணியமர்த்தல் விதியில் இரவுப்பணி அக்கா சொன்ன தடை எங்களிடமும் இருந்தது. அதைத் திருத்தும் வேலை நடக்கிறது.

கொரோனரைப் போய்ப் பார்த்தேன். அவர் கணினியை நாடாமல், கையால் எழுதி வைத்திருக்கும் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். கடந்த மூன்றாண்டுகளின் பக்கங்களை இருவரும் சேர்ந்து எண்ணினோம். எண்ணிக்கொண்டு வரும்போது ஒரு பெயரில் என் விரல் நின்றது. கிளினிக்குக்குத் திரும்பி வந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் அதில் இருந்தது; அவர் இறந்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தைய பக்கத்தில், எதிரே ‘வண்டி இல்லை’ என்று எங்கள் வரவேற்பாளரின் கையெழுத்தில்.

அன்றைக்கே போய் அழைத்துவரும் வண்டியை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். முதல் வரைவு முடிந்ததும், ஏட்டுக்கணக்கு ஐயா அதை ஒருமுறை பார்த்துத் தர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.